மிஷின் பார்த்துச் சொன்னது சரி, தப்பானால் யாரைக் கேட்பது? மருத்துவத்தில் ஏஐ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கண் பரிசோதனை முகாமுக்குக் கூட்டிப் போனேன். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போட்டு, அதன்மேல் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். டாக்டர் யாரும் அங்கே இல்லை. படம் எடுத்த தம்பி, "ஏஐ பார்த்துச் சொல்லிடும்மா" என்றான். அது சொன்னதைக் கேட்டு அம்மா அன்று ராத்திரி தூங்கவில்லை. ஏன் என்பது கீழே வருகிறது. அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சொந்தக்காரர்கள், நண்பர்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு நர்ஸ் அக்கா என்று பலரும் கேட்ட கேள்விகள் இதில் சேர்ந்திருக்கின்றன. நான் டாக்டர் இல்லை. சுகர் உள்ள ஒரு அம்மாவின் மகன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஏஐ என்றால் ரோபோ ஆபரேஷன் செய்வதா?

இல்லை. ரோபோ கை தனிக் கதை. அதை இயக்குவது சர்ஜன்தான். ஏஐ பெரும்பாலும் நம் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் டிபி அறிகுறி தேடும், சிடி ஸ்கேனில் மூளை ரத்தக்கசிவைக் காட்டும், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயைப் பார்க்கும், வார்டில் இருப்பவர்களில் யாருக்கு நிலைமை மோசமாகலாம் என்று கணக்குப் போடும். ரிப்போர்ட் கைக்கு வரும்போது அதில் மிஷினின் பங்கு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. முதல் சிக்கலே அதுதான்.

கண்ணை மிஷின் பார்த்தால் நம்பலாமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், எனக்குத் தெரிந்த வாசல் இது என்பதால்.

சுகர் இருந்தால் விழித்திரையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியும், அடைபடும். பார்வை மங்கும்வரை நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது பாதிப்பு பெரும்பாலும் முற்றியிருக்கும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் சொன்னது. இத்தனை பேரின் கண்ணையும் வருடம் ஒருமுறை பார்க்கக் கண் டாக்டர்கள் எங்கே இருக்கிறார்கள்? அந்த இடத்துக்குத்தான் மிஷின் வந்தது. இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 2016இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டி மென்பொருளைப் பழக்கினார்கள். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் அதில் இருந்தன. 54 மருத்துவர்கள் உட்கார்ந்து அவற்றைத் தரம் பிரித்துக் கொடுத்தார்கள். தேர்வு வைத்தபோது மென்பொருள் கண் டாக்டர்களுக்கு ஈடாக நின்றது.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை? அந்த மென்பொருளைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே என்ன நடந்தது என்று 2020இல் கூகுள் ஆட்களே எழுதினார்கள். மறைக்காமல் எழுதியதைப் பாராட்ட வேண்டும். மொத்தம் 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதவில்லை என்று மிஷின் தள்ளிவிட்டது. சில கிளினிக்குகளில் அறையை இருட்டாக்க வழியில்லை. இன்டர்நெட் மெதுவாக இருந்ததால் வரிசை நீண்டது. படம் தள்ளுபடியானால், கண்ணில் கோளாறே இல்லாவிட்டாலும், இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நர்ஸ்கள் எரிச்சலானார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கல்யாண மண்டபம் அப்படியே கண் முன்னால் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னல் வெளிச்சம். அந்தத் தம்பி ஒரு கறுப்புத் துணியை அம்மாவின் தலையையும் கேமராவையும் சேர்த்து மூடினான். வயதானவர்களுக்குக் கண்மணி சிறிதாகத்தான் விரியும். சொட்டு மருந்தும் விடவில்லை. இரண்டு முறை எடுத்தான், மூன்றாவது முறையும் எடுத்தான். கடைசியில் துண்டுச்சீட்டு வந்தது: "படத் தரம் போதாது. கண் மருத்துவரை அணுகவும்." அம்மா படித்தது இரண்டாவது வரியை மட்டும். "ஏன்டா, எனக்குக் கண்ணு போயிருச்சாமா?" என்று கேட்டார். படம்தான் சரியில்லை, கண் சரியில்லை என்று அது சொல்லவில்லை என்று நான் பத்து முறை சொல்லியிருப்பேன். மறுவாரம் டாக்டர் பார்த்தார். ஆரம்ப நிலைக் கண்புரை, அதனால்தான் படம் மங்கல்; விழித்திரையில் ஒன்றுமில்லை.

மிஷின் தப்பு எதுவும் செய்யவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒழுங்காகவே சொல்லியது. ஆனால் அந்தச் சொல்லை எடுத்து ஒரு 68 வயது அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல அங்கே ஆள் இல்லை. நெறிமுறை பற்றிய பெரிய பெரிய அறிக்கைகளில் இந்தத் துண்டுச்சீட்டைப் பற்றி ஒரு வரியும் நான் பார்க்கவில்லை.

லட்சம் படம் பார்த்துப் படித்த மிஷின் எப்படித் தப்பு செய்யும்?

நாம் எதைக் கற்றுக்கொடுத்ததாக நினைக்கிறோமோ அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கற்றுக்கொண்டு வந்து நிற்பதால்.

இதில் பழைய உதாரணம்தான் இன்றும் சிறந்தது. 1990களில் அமெரிக்காவில் ரிச் கருவானா என்ற கணினி ஆய்வாளரும் மற்றவர்களும், நிமோனியாவோடு வருபவர்களில் யார் இறந்துபோகும் அபாயத்தில் இருக்கிறார் என்று கணிக்கும் கணினி மாதிரிகளை (மாடல்களை) உருவாக்கினார்கள். அபாயம் குறைவானவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பது யோசனை. ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா வந்தால் அபாயம் குறைவு என்று ஒரு மாதிரி கண்டுபிடித்தது! எந்த டாக்டரும் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் தரவு பொய் சொல்லவில்லை. ஆஸ்துமா உள்ளவர் வந்தால் ஆஸ்பத்திரியில் நேராக ஐசியுவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தக் கவனிப்பால் பிழைத்தார்கள். கவனிப்பு மிஷினின் கண்ணில் படவில்லை, பிழைத்தது மட்டும் பட்டது. அதை நம்பியிருந்தால் ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த மாதிரியின் விதிகளை மனிதர் படித்துப் பார்க்க முடிந்ததால் மாட்டியது. கூடவே உருவாக்கிய நியூரல் நெட்வொர்க் என்ற வேறு வகை மாதிரி இதைவிடத் துல்லியம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. அதனால் கருவானா அதை நோயாளிகளிடம் பயன்படுத்த வேண்டாம் என்றார்.

தோல் புற்றுநோய் விஷயத்தில் இன்னொன்று. சந்தேகமான மச்சத்தை டாக்டர் படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைப்பது வழக்கம். அளவுகோல் தெரிந்தால் புற்றுநோய் என்று சொல்லும் பக்கம் மிஷின் சாய்ந்தது.

ஏழை, பணக்காரர், நிறம் என்று மிஷின் பாகுபாடு பார்க்குமா?

பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கணக்கு எதை வைத்துப் போடுகிறோம் என்பதிலேயே அது புகுந்துவிடும். 2019இல் ஜியாட் ஓபர்மையர் குழு 'சயன்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு இதைப் பிட்டுப் பிட்டு வைத்தது. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று முடிவு செய்ய ஒரு மென்பொருள். நோயின் தீவிரத்தை நேராக அளக்க முடியாது என்பதால், மருத்துவச் செலவை வைத்து அளந்தார்கள். அதிகம் செலவானவர் அதிகம் நோயாளி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கறுப்பின மக்கள் அதே நோய்க்குக் குறைவான சிகிச்சையே பெற்றுவந்ததால் அவர்கள் பெயரில் செலவும் குறைவு. விளைவு, அதிகம் நோயுற்றும் பட்டியலில் கீழே போனார்கள். கூடுதல் உதவிக்குத் தேர்வானவர்களில் அவர்கள் 17.7 சதவீதம்; கோளாறைச் சரிசெய்தால் 46.5 சதவீதம் ஆக வேண்டும் என்று ஆய்வு காட்டியது.

நம் ஊரில் சாதி, மதம் எதுவும் போடாமலே இது நடக்கலாம். காப்பீட்டு கிளெய்ம்களை வைத்து ஒரு மிஷினைப் பழக்குங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் நின்று மாத்திரை வாங்கிப் போடும் பெண்ணுக்கு கிளெய்ம் ஏது? அந்தக் கணக்கில் அவர் ஆரோக்கியமானவர்.

கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் இங்கே சொல்ல வேண்டும். அது ஏஐ அல்ல. ஆனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. இந்த மாதிரி எண்களைத் தின்று வளரும் ஏஐ, அதே கோளாறையும் சேர்த்தே விழுங்கும்.

தப்பாகிவிட்டால் யார் பொறுப்பு?

இன்றைய நிலவரப்படி இந்தியாவில் சிகிச்சை கொடுக்கும் டாக்டரும் ஆஸ்பத்திரியும்தான். மிஷினைக் கூண்டில் ஏற்ற முடியாது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில், காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் எல்லாமே இலவசம் என்று நடத்தும் இடத்துக்கு அது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஏஐ முதலில் இறங்குவது எங்கே? டாக்டர் போதாத இலவச முகாம்களிலும் கிராமத்து மையங்களிலும். கேட்பதற்கான சுலபமான கதவு எங்கே மூடியிருக்கிறதோ, அங்கேதான் மிஷின் தனியாக நிற்கிறது. சிவில் வழக்கு போடலாம்தான். யார் போடுவார்கள்?

2023இல் ஐசிஎம்ஆர் மருத்துவ ஏஐக்கு நெறிமுறை வழிகாட்டி வெளியிட்டது. பொறுப்பு, பாதுகாப்பு, தனியுரிமை, பாகுபாடின்மை உட்பட 10 கோட்பாடுகள் இருக்கின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழிகாட்டிக்குச் சட்டத்தின் பல் கிடையாது.

தயாரித்தவரே பொறுப்பு ஏற்பது நடக்காத காரியமும் அல்ல. 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ, டாக்டர் பார்க்காமலே விழித்திரைப் பரிசோதனை முடிவு சொல்லும் ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற கருவியை அனுமதித்தது. முடிவு எடுப்பது எங்கள் மிஷின் என்றால் பழியும் எங்களுடையதுதான் என்று அதை உருவாக்கிய மைக்கேல் அப்ரமாஃப் வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனம் அதற்குக் காப்பீடும் எடுத்தது. முகாமுக்கு மிஷின் கொடுக்கும் எல்லாரிடமும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியில் டாக்டர்தானே கையெழுத்துப் போடுகிறார், அது போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜெர்மனியில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டர்களான 27 ரேடியாலஜிஸ்ட்களிடம் மேமோகிராம்களைக் கொடுத்து, "ஏஐ இப்படிச் சொல்கிறது" என்று வேண்டுமென்றே சிலவற்றில் தப்பான விடையை வைத்தார்கள். 2023இல் முடிவு வந்தது. ஏஐ சரியாகச் சொன்னபோது ஏறத்தாழ 80 சதவீதம் சரியாகப் பார்த்த அனுபவம் குறைந்தவர்கள், ஏஐ தப்பாகச் சொன்னபோது 20 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள். நீண்ட அனுபவம் உள்ளவர்களும் 82இலிருந்து 45 ஆனார்கள். பரீட்சை அறையில் பக்கத்துப் பையனின் பேப்பரைப் பார்த்தவுடன் நம் விடையின் மேல் சந்தேகம் வருமே, அதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. போலந்தில் நான்கு மையங்களில் பெருங்குடல் எண்டோஸ்கோபிக்கு ஏஐ துணை கொடுத்தார்கள். சில மாதம் பழகிய பிறகு, ஏஐ இல்லாமல் அதே டாக்டர்கள் செய்த பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடித்த விகிதம் 28.4இலிருந்து 22.4 சதவீதமாக இறங்கியதாக 2025இல் 'லான்செட்' குழும இதழில் வந்தது. ஒரே ஒரு ஆய்வுதான், வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் கால்குலேட்டர் வந்தபிறகு வாய்ப்பாடு மறந்துபோன எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

மிஷின் கத்திக்கொண்டே இருந்தாலும் கஷ்டம். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் இருந்த, எபிக் என்ற மென்பொருள் நிறுவனத்தின் செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடல் உறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலை) எச்சரிக்கையை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள், முடிவு 2021இல் வந்தது. உள்நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு அலாரம் அடித்தும், செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டிருந்தது. இதை நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். "எங்க வார்டுல மானிட்டர் கத்துறதே யாருக்கும் காதுல விழறதில்ல, இதுல இது வேறயா" என்றார்.

என் ஸ்கேன் படத்தை எடுத்து மிஷினுக்குக் காட்டலாமா? என்னைக் கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டும். லண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை அறக்கட்டளை சுமார் 16 லட்சம் நோயாளிகளின் விவரங்களை கூகுளின் ஏஐ நிறுவனமான டீப்மைண்டுக்குக் கொடுத்தது. நோயாளிகளுக்குச் சரியாகச் சொல்லவில்லை, சட்டத்தைப் பின்பற்றவில்லை என்று 2017 ஜூலையில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் தீர்மானித்தது. (சிறுநீரகப் பாதிப்பை எச்சரிக்கும் செயலிக்காகக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் செயலியில் ஏஐயே கிடையாது.)

நம்மிடம் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அதில் எனக்குப் பிடித்த ஒன்று: சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அதாவது தமிழில் கொடு என்று கேட்கலாம்.

காகிதத்தில் அப்படி. நேரில் என்ன நடக்கிறது? அட்மிஷன் கவுண்டரில், வலியில் முனகும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆறு பக்கத்தில் "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்று விரலால் காட்டுகிறார்கள். நாமும் போடுகிறோம். என் சித்தப்பா கைநாட்டு வைத்தார். அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆராய்ச்சிக்கும் மிஷினைப் பழக்கவும் கேட்கும் சம்மதத்தைத் தனித் தாளில், சிகிச்சை முடிந்து நிதானமாக இருக்கும்போது கேட்கலாமே.

சாட்பாட்டிடம் உடம்பைப் பற்றிக் கேட்கலாமா?

ரிப்போர்ட்டில் உள்ள ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க, டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தயார் செய்துகொள்ள நானே பயன்படுத்துகிறேன். மருந்து, அளவு, நிறுத்தலாமா கூடாதா என்ற பக்கம் போவதில்லை. 2020 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டியே, ஏஐ தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவுபெற்ற டாக்டருக்குத் துணையாக இருக்கலாம் என்றுதான் சொல்கிறது.

தமிழில் கேட்பதில் தனிச் சிக்கலும் உண்டு. நம் ஆட்கள் நெஞ்சுவலியை நெஞ்சுவலி என்றா சொல்கிறார்கள்? "வாய்வு பிடிச்சிருக்கு", "நெஞ்சு கரிக்குது", "தோள்பட்டைல ஒரு மாதிரி இழுக்குது". எங்கள் தெருவில் ஒரு தாத்தா மூன்று நாள் "வாய்வு" என்று பெருங்காயத் தண்ணீர் குடித்தார், அது மாரடைப்பு. வாய்வு என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு இஞ்சி, சீரகம் என்று பதமாகப் பதில் தரும் மிஷின் இந்த இடத்தில் ஆளைக் கொல்லும். அனுபவமுள்ள டாக்டர் அந்தச் சொல்லைக் கேட்டதும் முகத்தைப் பார்ப்பார், வேர்க்கிறதா என்று பார்ப்பார், ஈசிஜி எடுங்கள் என்பார்.

இவ்வளவு சிக்கல் என்றால் இது வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்ல எனக்கு மனசில்லை. டிபிக்கான நெஞ்சு எக்ஸ்ரேயை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் கணினி படிக்கலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. ரேடியாலஜிஸ்ட் எட்டிப் பார்க்காத ஊர்களில் அது பெரிய விஷயம். ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வில், ஏஐ துணையால் படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது; கண்டுபிடித்த புற்றுநோய்கள் குறையவில்லை. ஆனால் அங்கே மிஷின் சந்தேகப்பட்டதைப் பார்க்க ரேடியாலஜிஸ்ட் இருந்தார், அடுத்த பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியும் இருந்தது. டாக்டரை ஒழித்துவிட்டு மிஷினை வைப்பதும், டாக்டரே இல்லாத இடத்தில் மிஷினை வைத்துவிட்டு "வசதி செய்துவிட்டோம்" என்று கணக்குக் காட்டுவதும் வேறு வேறு பாவங்கள். இரண்டாவதுதான் நம் ஊரில் நடக்க வாய்ப்பு அதிகம்.

முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ நான் என்ன கேட்கலாம்?

கூச்சப்படாமல் கேளுங்கள்: இதை மிஷின் மட்டும் பார்த்ததா, டாக்டரும் பார்த்தாரா? நம் ஊர் ஆட்களிடம் சோதித்த மிஷினா? படத்தை எங்கே வைப்பீர்கள்? சந்தேகம் வந்தால் எந்த நம்பருக்குப் பேசுவது?

கடைசிக் கேள்வியை அன்று நான் கேட்டேன். துண்டுச்சீட்டில் நம்பர் எதுவும் இல்லை. அந்தத் தம்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, சீட்டைத் திருப்பி, தன் சொந்த மொபைல் நம்பரைப் பேனாவால் எழுதிக் கொடுத்தான். "நான் டாக்டர் இல்லண்ணா, ஆனா போன் எடுப்பேன்" என்றான். ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா அந்த நம்பருக்குத்தான் பேசினார்.